கரையில் அளக்க வேண்டிய கட்டணம்

சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கு வங்கிக் கணக்கில் பணம் ஏறும் மாசி, பங்குனி மாதங்களில்தான் டெல்டா குடும்பங்களுக்கு வெளியூர் நினைப்பு வரும். ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்துவிட்டால் அப்புறம் நாற்றங்கால், நடவு, களை என்று தை வரை யாராலும் அசைய முடியாது. ஆகவே கோடையின் அந்தச் சில வாரங்கள்தான் ஊர் சுற்றும் காலம். ஒரு தலைமுறைக்கு அது பழனியும் ராமேஸ்வரமும். அடுத்த தலைமுறைக்குக் காசி. திருச்சியிலிருந்து மலிவு விமானங்கள் பறக்கத் தொடங்கிய பிறகு சிங்கப்பூரும் மலேசியாவும். இப்போது அந்த வரிசையில் கடலும் சேர்ந்திருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் போகிறது. திருச்சியில் விமானம் ஏறிச் சிங்கப்பூர் போய், அங்கிருந்து இரண்டு மூன்று இரவு சொகுசுக் கப்பலில் பினாங்கையோ போர்ட் கிள்ளானையோ பார்த்துத் திரும்பும் வழக்கமும் பரவி வருகிறது. இரண்டுமே "குறைந்த செலவில் கப்பல் பயணம்" என்றுதான் விற்கப்படுகின்றன.

அந்தச் சொல்லை நம்பி வீட்டுச் சேமிப்பைப் போடுகிறவர்கள் நம் அக்கம்பக்கத்தார் என்பதால், அது எவ்வளவு தூரம் உண்மை என்று பார்ப்பது அவசியம். கடல் பயணத்தின் மலிவு டிக்கெட்டில் தெரியாது, கரையில்தான் தெரியும் என்பது என் கருத்து. எந்தத் துறைமுகத்தில் இறங்குகிறோம், அங்கே எத்தனை மணி நேரம் நம் கையில் இருக்கிறது, இறங்கிய இடத்துக்கும் ஊருக்கும் எவ்வளவு தூரம், எவ்வளவு மூட்டையைக் கூடக் கொண்டு போகலாம்: இந்த நான்கையும் கேட்காமல் கட்டணத்தை மட்டும் ஒப்பிட்டால் கணக்கு தப்பிவிடும்.

மலிவான கப்பல் பயணம் டெல்டாவுக்குப் புதிது அன்று. 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' என்ற கப்பலைச் சொன்னால் இன்றும் நாகை, காரைக்கால், முத்துப்பேட்டைப் பக்கத்துப் பெரியவர்களுக்கு முகம் மலரும். பிரிட்டிஷ் இந்தியா கப்பல் நிறுவனத்தின் அந்தக் கப்பல் சென்னையில் கிளம்பி நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று போனது. போர்ட் சுவெட்டன்ஹாம்தான் இன்றைய போர்ட் கிள்ளான். கப்பல் நாகைக் கரைக்கு வராது. தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். பயணிகளும் மூட்டைகளும் படகில் போய்த்தான் ஏற வேண்டும். அறை வசதி கொண்ட இடங்கள் சொற்பம். மற்றவர்கள் எல்லாம் மேல்தளப் பயணிகள்; பாயை விரித்த இடம்தான் படுக்கை. தொடக்கக் காலத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. 1973இல் அது இந்தியக் கப்பல் கழகத்தின் கைக்கு மாறி, பெயரும் மாறி, அடுத்த ஆண்டே உடைக்கப்பட்டது. அதன் இடத்தில் ஓடிய 'சிதம்பரம்' கப்பல் 1985இல் நடுக்கடலில் தீப்பிடித்துப் பல உயிர்களைப் பலி கொண்டது. அத்தோடு இந்தத் தடமே மூடப்பட்டது.

அந்தத் தளப் பயணத்தை ஏக்கத்தோடு பேசுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தத் தளத்தில் போனவர்களில் பெரும்பாலோர் தோட்டக் கூலிகளும் சிறு வியாபாரிகளும். நெரிசலும், மழைக்கு ஒதுங்க இடமில்லாத இரவுகளும், போய் இறங்கியதும் நோய்த் தடுப்பு முகாமில் அடைபட்ட நாள்களும் அந்தக் குறைந்த கட்டணத்துக்குள் அடங்கியிருந்தன. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் கப்பல், ஏறுகிறவனின் தேவையை அறிந்திருந்தது. குடும்பத்தோடு பெயர்கிறவனுக்குச் சுமை உண்டு. பெட்டியும் பாத்திரமும் ஊறுகாய்ச் சாடியும் உண்டு. சுமைக்கு இடம் கொடுத்ததால்தான் அது ஏழையின் வாகனமாக இருந்தது. இன்றைய கப்பல்களை எடைபோட இந்த ஒரு அளவுகோல் போதும்.

நாகை–காங்கேசன்துறைக் கப்பலுக்கு வருவோம். 2023 அக்டோபர் 14 அன்று பிரதமர் காணொலி வழியாகத் தொடங்கி வைத்தார். லட்சத்தீவுப் போக்குவரத்துக்காகக் கொச்சிக் கப்பல் தளத்தில் கட்டப்பட்ட 'செரியபாணி' என்ற விரைவுக் கப்பல், 150 பேர் இருக்கை, ஏறத்தாழ 110 கிலோமீட்டர் தூரம், மூன்றரை மணி நேரப் பயணம். கட்டணம் 6,500 ரூபாய். 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்து 7,670 ரூபாய். முதல் பயணத்தில் சென்றவர்கள் ஐம்பது பேர். ஒரு வாரம்கூட ஆகவில்லை, வடகிழக்குப் பருவமழையைக் காரணம் காட்டிச் சேவை நிறுத்தப்பட்டது. அக்டோபர் நடுவில் வாடைக்காற்று தொடங்கும் என்பது நாகை மீனவக் குழந்தைக்கும் தெரியும். அந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்துத் தொடங்கியது அவசரத்தைத்தான் காட்டியது.

2024 ஆகஸ்ட் 16 அன்று இன்ட்ஸ்ரீ என்ற தனியார் நிறுவனம் 'சிவகங்கை' கப்பலுடன் சேவையை மீண்டும் தொடங்கியது. சாதாரண இருக்கைக்கு 5,000 ரூபாயும் வரியும். உயர் வகுப்புக்கு 7,500 ரூபாயும் வரியும். அந்த ஆண்டு நவம்பரில் மழைக்காக நின்று, 2025 பிப்ரவரி 22 அன்று மறுபடி கிளம்பியபோது போய்வரக் கட்டணம் 8,500 ரூபாய் என்று இறங்கியிருந்தது. ஒன்றரை ஆண்டுக்குள் ஒருவழிக் கட்டணம் 7,670இலிருந்து 4,250 ஆகக் குறைந்தது நல்ல செய்தி. அதற்குப் பின்னால் அரசுப் பணமும் இருக்கிறது. நாகைத் துறைமுக மேம்பாட்டுக்கு வெளியுறவு அமைச்சகம் 8 கோடி ரூபாய் தந்தது. கப்பலை இயக்குவதற்கு ஓராண்டுக்கு மாதந்தோறும் 2.5 கோடி இலங்கை ரூபாய்க்கு மேற்பட்ட உதவியையும் இந்திய அரசு அறிவித்தது. வரிப்பணம் போகிற இடம் என்பதால் இதைக் கேள்வி கேட்கும் உரிமை நமக்குக் கூடுதலாகவே உண்டு.

கட்டணம் இறங்கிய அதே நேரத்தில் இன்னொன்றும் இறங்கியது. 2024இல் இந்தச் சேவை தொடங்கியபோது ஒருவர் 60 கிலோ வரை சுமை கொண்டு போகலாம் என்றார்கள். 2025 பிப்ரவரியில் இலவசச் சுமை 10 கிலோ ஆனது. அதற்கு மேல் என்றால் பணம் கட்டி 70 கிலோ வரை கொண்டு போகலாம். என் பார்வையில் இந்தச் சேவையின் மிகப் பெரிய பிழை இதுதான். விமானத்தை விடக் கப்பலுக்கு இருக்கும் ஒரே இயல்பான மேன்மை சுமைதான். வேகத்தில் கப்பல் வெல்ல முடியாது. 2025 மார்ச் 30 முதல் திருச்சியிலிருந்தே யாழ்ப்பாணத்துக்கு இண்டிகோ விமானம் தொடங்கிவிட்டது. ஒரு மணி நேரப் பயணம். பெரும்பாலான விமானச் சீட்டுகளில் 10 கிலோவை விடக் கூடுதலான சுமை சேர்ந்தே வருகிறது. அப்படியிருக்க, கப்பலில் ஏறுகிறவன் எதற்காக ஏற வேண்டும்?

10 கிலோ என்பது மூன்று நாளுக்கு ஊர் பார்க்கப் போகிறவனின் முதுகுப் பை. ஆனால் இந்தத் தடத்தில் போக்குவரத்தை நிலையாகத் தாங்கக்கூடியவர்கள் வேறு ஆள்கள். யாழ்ப்பாணத்தில் கல்யாணம் என்றால் ஜவுளி எடுக்கச் சென்னைக்கும் திருச்சிக்கும் வருகிற குடும்பங்கள். இருபுறமும் உறவு வைத்திருக்கிறவர்கள். கையில் கொண்டுபோய் விற்கும் சிறு வணிகர்கள். தமிழ்நாட்டு முகாம்களில் முப்பது நாற்பது ஆண்டு வாழ்ந்துவிட்டு, தட்டுமுட்டுச் சாமானோடு சொந்த ஊர் திரும்ப நினைக்கும் ஈழத் தமிழர்கள். இவர்களுக்குச் சுமைதான் பயணம். சுமையைக் குறைத்துக் கட்டணத்தைக் குறைத்தபோது கப்பல் சுற்றுலாப் பயணிக்கு மலிவானது. தேவைக்காகப் போகிறவனுக்குச் செலவு கூடியது. கடத்தலுக்கும், கூலிக்குச் சரக்கு சுமக்கும் 'குருவி'களுக்கும் பயந்து சுமையைக் கட்டுப்படுத்துவதில் நியாயம் உண்டு என்று சிலர் வாதிடுவார்கள். சுங்கச் சோதனைக்குத்தான் சுங்கத்துறை இருக்கிறது. எடையைக் குறைப்பதால் கடத்தல்காரன் நின்றுவிடப் போவதில்லை. பெட்டி கட்டியவள் மட்டுமே நின்றுபோவாள்.

இரண்டாவது குறை, நிச்சயமின்மை. காற்று, மழை, பழுது, ஆள் சேராமை என்று ஏதாவது ஒரு காரணத்தால் கப்பல் நின்று நின்று ஓடுகிறது. பட்ஜெட் பயணிக்கு இது பெரிய இடி. பணக்காரப் பயணி, கப்பல் இல்லை என்றால் விமானச் சீட்டு வாங்கிக்கொள்வான். எண்ணி எண்ணிச் செலவழிக்கிறவனுக்கு ஒரு நாள் தாமதம் என்பது கூடுதல் விடுதிக் கட்டணம், தவறிய ரயில், விடுப்பு முடிந்த வேலை. 1914இல் தொடங்கிய தனுஷ்கோடி–தலைமன்னார் 'போட் மெயில்' ஐம்பது ஆண்டு, 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை விழுங்கும்வரை, மக்களின் நம்பிக்கையைப் பெற்றிருந்ததற்குக் காரணம் கட்டணம் மட்டும் இல்லை. எழும்பூரில் வாங்கிய ஒரே சீட்டில் ரயில், கப்பல், மறுபடி ரயில் என்று கொழும்பு வரை போக முடிந்தது. மாறாக, 2011 ஜூனில் தூத்துக்குடி–கொழும்பு தடத்தில் ஓடத் தொடங்கிய 'ஸ்கோஷியா பிரின்ஸ்' சில மாதங்களிலேயே நின்றுபோனது. பெரிய கப்பல், நல்ல வசதி. ஆனால் போதிய ஆள் இல்லை. ரயிலோடும் பேருந்தோடும் ஒட்டாத கப்பலுக்கு நேர்வது அதுதான்.

நாகைக் கப்பலும் இன்றைக்கு அப்படித்தான் தனியாக நிற்கிறது. தஞ்சாவூர்க்காரருக்குத் திருச்சி விமான நிலையம் நாகைத் துறைமுகத்தைவிடக் கிட்ட. காலையில் கிளம்பும் கப்பலுக்கு, சோதனைகளையும் சேர்த்து, விடிவதற்கு முன்பே துறைமுகத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் தஞ்சையிலிருந்தோ கும்பகோணத்திலிருந்தோ போய்ச் சேர்வது கடினம். ஆக முதல் நாள் இரவே போய்த் தங்க வேண்டும். வாடகைக் கார் எடுத்தால் கப்பலில் மிச்சம் பிடித்தது அதிலேயே போய்விடும். இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது: நாகூரிலும் வேளாங்கண்ணியிலும் யாத்திரிகர்களுக்கான எளிய விடுதிகள் ஏராளம். முதல் நாள் மாலை ரயிலிலோ பேருந்திலோ போய், தர்காவையோ மாதா கோயிலையோ பார்த்துவிட்டுத் தங்கினால் அந்த இரவும் பயணத்தின் பகுதியாகிவிடும். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. அந்த நாள்களில் அங்கே அறை தேடுவது வீண் முயற்சி. திருவாரூர், வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி, மயிலாடுதுறைக்காரர்களுக்குக் கப்பல் உண்மையிலேயே வசதி. டெல்டா முழுவதற்கும் ஒரே கணக்கு பொருந்தாது.

குறைகளை இவ்வளவு சொன்ன பிறகும், இந்தப் பயணத்தை நான் பரிந்துரைக்கிறேன். காரணம் அக்கரை.

காங்கேசன்துறை போல இறங்கிய இடத்திலேயே ஊர் தொடங்கும் துறைமுகம் அபூர்வம். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலும் கீரிமலைக் கேணியும் நகுலேஸ்வரமும் ஓட்டோவில் சில நிமிடத் தொலைவு. கடலுக்கு ஒட்டினாற்போல் நன்னீர் ஊறும் கீரிமலைக் கேணியில் குளித்துவிட்டு எழுந்தால் கப்பல் அலுப்பு போய்விடும். 1990இல் மூடப்பட்ட சிமென்ட் ஆலையும், பல ஆண்டுகள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்து இப்போதுதான் ஆள் நடமாட்டம் திரும்பும் தெருக்களும் அதே வழியில் இருக்கின்றன. கூரையில்லாத வீட்டுச் சுவர்களுக்குள் மரம் வளர்ந்திருப்பதைப் பார்க்கும்போது, போர் என்று செய்தித்தாளில் படித்தது எதுவும் போதாது என்று தோன்றுகிறது. 2015 ஜனவரியில் யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ரயில் மீண்டும் வந்தது; பேருந்தும் உண்டு. ஓர் இந்திய ரூபாய்க்கு மூன்று இலங்கை ரூபாய்க்கு மேல் கிடைப்பதால் பேருந்துக்கும் இடியப்பம் சொதிக்கும் ஆகிற செலவு நம் ஊர்ச் செலவை மிஞ்சாது. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் அர்ச்சனைச் சீட்டு இலங்கைக் காசில் ஒரு ரூபாய்தான். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். குறிகட்டுவானிலிருந்து படகில் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலுக்கும் நெடுந்தீவுக்கும் போய்வரலாம். 1981இல் எரிக்கப்பட்டு மீண்டும் எழுந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தைத் தமிழ் படித்த யாரும் ஒருமுறை பார்க்க வேண்டும். இத்தனைக்கும் வழிகாட்டியோ மொழிபெயர்ப்பாளரோ சுற்றுலா நிறுவனமோ தேவையில்லை. தெருப் பலகை நம் மொழியில் இருக்கிறது. வழி கேட்டால் வீட்டு வாசல் வரை கூடவே வந்து காட்டிவிட்டுப் போகிற மனிதர்கள் இருக்கிறார்கள். செலவு குறைகிறது என்று சொன்னால் அதில் பாதி இந்த மொழியால் குறைவது.

இதற்கு மூன்று இரவாவது வேண்டும். நண்பகலில் இறக்கிவிட்டுப் பிற்பகலில் திரும்புகிற கப்பல் இது. ஒரே இரவில் திரும்ப நினைத்தால் கடல் மட்டும்தான் மிஞ்சும். நல்லூர்த் திருவிழா நடக்கும் ஆடி, ஆவணி நாள்கள் பார்க்க அருமை. ஆனால் அறை வாடகை ஏறிவிடும். இலங்கைக்கான இ.டி.ஏ. அனுமதியைக் கிளம்புவதற்கு முன்பே இணையத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. குழந்தைக்கும் தனிக் கடவுச்சீட்டு வேண்டும். கழுத்து நிறைய நகையோடு போவதைப் பெண்கள் தவிர்க்கலாம். இரண்டு சுங்கச் சாவடிகளில் விளக்கம் சொல்லும் வேலை மிச்சம்.

கடலைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாசி முதல் சித்திரை வரை பாக் நீரிணை அமைதியாக இருக்கும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று வலுத்தால் இந்தச் சிறிய கப்பல் நன்றாகவே ஆடும். மூடிய குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருக்கும்போது குமட்டல் சீக்கிரம் பற்றிக்கொள்ளும். கப்பலின் நடுப்பகுதியில், அடித்தட்டில் இடம் பிடிப்பது நல்லது. இரண்டு இட்லிக்கு மேல் சாப்பிடாமல், பால் குடிக்காமல், மாத்திரை போடுவதாக இருந்தால் ஏறுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை. கையில் இஞ்சி மரப்பா இருந்தால் போதும், பக்கத்து இருக்கைக்காரரும் நன்றி சொல்வார். நம் விவசாயியின் ஓய்வுக்காலமும் கடலின் அமைதிக்காலமும் ஒன்றாக அமைந்திருப்பது இந்தத் தடத்துக்குக் கிடைத்த வரம். அதைப் பயன்படுத்தி மாசி, பங்குனியில் கூடுதல் நாள்கள் ஓட்ட வேண்டும் என்று யாரும் திட்டமிட்டதாகத் தெரியவில்லை.

இன்னொரு பக்கம், சிங்கப்பூர்ச் சொகுசுக் கப்பல். விளம்பரத்தில் வரும் தொகை ஓர் அறையை இருவர் பகிர்ந்தால் ஒருவருக்கு ஆகும் தொகை. தனியாகப் போகிறவர் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கொடுக்க நேரும். துறைமுகக் கட்டணம் தனி. ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று ஊழியர் அன்பளிப்பு கடைசி நாள் ரசீதில் ஏறும். இணையம், குளிர்பானம், சிறப்பு உணவகங்கள் எல்லாவற்றுக்கும் தனிக் காசு. சாப்பாடு கட்டணத்தில் அடங்கியது என்பது பொது உணவகத்துக்கு மட்டும் பொருந்தும். இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் முதலில் சொன்ன தொகை வெகுவாக வீங்கிவிடுகிறது. இது திருட்டு அன்று. எல்லாம் சிறிய எழுத்தில் எழுதித்தான் இருக்கிறது. ஆனால் பயண முகவர்கள் அந்தச் சிறிய எழுத்தை வாசித்துக் காட்டுவதில்லை. முன்பணம் கொடுக்கும்போதே "கடைசி ரசீது எவ்வளவு வரும்?" என்று கேட்டு எழுதி வாங்குவது முதல் வேலை. சன்னல் இல்லாத உள்ளறையை எடுப்பது இரண்டாவது. தூங்க மட்டுமே போகிற அறைக்குக் கடல் காட்சி எதற்கு? மூன்றாவது, சிங்கப்பூர் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதாக இருக்கிறதா என்று பார்ப்பது. கப்பலில் ஏறும்போது நீங்கள் சிங்கப்பூரை விட்டு வெளியேறியவர். திரும்பும்போது மறுபடி நுழைகிறவர். மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு விசாவை விலக்கியிருப்பதால் அந்தப் பக்கத்துச் செலவு குறைந்திருக்கிறது. வருகை அட்டையை இணையத்தில் நிரப்பினால் போதும்.

இதன் நிறைகளை மறைக்கக் கூடாது. வயதான அம்மாவையும் மூட்டுவலிக்கார மாமியாரையும் அழைத்துக்கொண்டு இரண்டு நாட்டைப் பார்க்க வேண்டும் என்றால் இதைவிட எளிய வழி இல்லை. பெட்டியை ஒருமுறை பிரித்தால் போதும். ஊர்தான் நம்மிடம் வருகிறது. சைவச் சாப்பாடு கிடைக்கிறது. ஆயுள் முழுவதும் சமைத்த பெண்களுக்குச் சமையல் இல்லாத மூன்று நாள். அந்த ஓய்வை எந்தக் கணக்கிலும் குறைத்து மதிப்பிட முடியாது.

குறை, கரையில் இருக்கிறது. மூன்று இரவில் நிலத்தில் கிடைப்பது ஒரு துறைமுகத்துக்கு ஆறேழு மணி நேரம். இறங்கும் வரிசையும், புறப்பாட்டுக்கு முன்னதாகத் திரும்பிவிட வேண்டிய கட்டாயமும் அதிலும் இரண்டு மணி நேரத்தைத் தின்றுவிடும். ஆகவே எந்தத் துறைமுகம் என்பதுதான் எல்லாம். போர்ட் கிள்ளானில் கப்பல் நிற்கும் முனையம் நகரத்தை விட்டு விலகிய பூலாவ் இண்டாவில் இருக்கிறது. கோலாலம்பூர் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் சாலையில் ஓட வேண்டும். அங்கே கப்பல் நிறுவனம் விற்கும் சுற்றுலாவை வாங்காமல் வேறு வழி குறைவு. மலிவுப் பயணிக்கு அது வீண் துறைமுகம்.

பினாங்கு நேர் எதிர். சுவெட்டன்ஹாம் துறையில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியா. 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில், 1801இல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் மசூதி, சூலியா வீதியில் நாகூர் தர்கா என்று எல்லாமே நடை தூரத்தில் இருக்கின்றன. நாகூர் ஆண்டவரின் நினைவாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்திலேயே பினாங்கிலும், 1828–30 வாக்கில் சிங்கப்பூரின் தெலோக் ஆயர் தெருவிலும் தர்கா கட்டிய மனிதர்கள் நம் கடற்கரையிலிருந்து பாய்மரத்தில் போன வணிகர்களும் மாலுமிகளும். கடலைக் கடந்து உயிரோடு கரையேறியதற்கு நன்றியாக எழுந்தவை அவை. டெல்டாவிலிருந்து பினாங்கு போகிறவர் பேருந்துச் சுற்றுலாவில் மலை ரயிலையும் சாக்லெட் கடையையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம். இலவசமாக, கால்நடையாக, தன் ஊரின் வரலாற்றையே பார்க்க முடிகிற துறைமுகம் இது. ரஜூலாவின் தளத்தில் பாய் விரித்துப் போன தாத்தா இறங்கியதும் இதே ஊரில்தான்.

சென்னையிலிருந்து கிளம்பும் சொகுசுக் கப்பலையும் சிலர் கேட்பார்கள். 2022 ஜூனில் தொடங்கிய கார்டீலியா கப்பல் முதல் பயணங்களிலேயே புதுச்சேரியில் நிற்க அனுமதி கிடைக்காமல் திரும்பியது. கப்பலில் சூதாட்ட அரங்கு இருக்கிறது என்ற எதிர்ப்புதான் காரணம். 2023 ஜூனில் அதே கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைத் துறைமுகங்களுக்குப் போனது. காங்கேசன்துறைக்குச் சில மணி நேரத்துக்கு மட்டும் வந்துபோகும் அந்தப் பயணத்தையும் நாகைக் கப்பலையும் பக்கத்தில் வைத்தால் என் வாதம் தெளிவாகும். அதே துறைமுகம்தான். ஒன்றில் கப்பல் வளமானது, கரை வறியது. மற்றொன்றில் கப்பல் எளியது, கரை முழுவதும் நம்முடையது. மூன்று இரவில் எட்டு மணி நேரம் மட்டும் கடலில் கழித்து மீதியை ஊரில் கழிக்கிறவர், செலவழித்த ஒவ்வொரு ரூபாய்க்கும் கூடுதலாகப் பார்க்கிறார், கூடுதலாகப் பேசுகிறார்.

ஆனால் அந்தக் கடலைப் பற்றிப் பேசும்போது நாகையை ஒட்டிய மீனவ ஊரான அக்கரைப்பேட்டையை மறக்க முடியாது. கப்பல் போகும் அதே நீரில்தான் நம் மீனவர்கள் எல்லை தாண்டியதாகப் பிடிக்கப்படுகிறார்கள். காங்கேசன்துறைக்குப் பக்கத்து மயிலிட்டித் துறைமுகத்தில் பிடிபட்ட தமிழக விசைப்படகுகள் கட்டிக் கிடக்கின்றன. இழுவலையால் வலை அறுபட்ட வட மாகாண மீனவரின் கோபமும் அங்கேதான் இருக்கிறது. சுற்றுலாவாகப் போகிறவர் இதைக் காதில் வாங்காமல் திரும்ப முடியாது, வாங்கவும் வேண்டும். தேநீர்க் கடையில் உட்கார்ந்தால் அவர்களே சொல்வார்கள். இரு கரை மீனவர் குடும்பங்களும் அதிகாரிகள் இல்லாமல் நேருக்கு நேர் உட்கார்ந்து பேச இந்தக் கப்பலைவிட மலிவான வழி கிடையாது. மீனவர் சங்கங்களுக்கு ஆண்டில் சில பயணங்களை அரசே கட்டணமின்றித் தந்தால், மானியத்துக்குக் கொடுக்கும் பணத்தில் அதைவிட நல்ல பயன் கிடைக்குமா?

அரசும் இயக்குபவர்களும் செய்ய வேண்டியது பெரிய காரியம் எதுவும் இல்லை. இலவசச் சுமையைப் பழையபடி 60 கிலோவுக்குக் கொண்டு வரட்டும். மானியம் எதற்கென்றால் இதற்குத்தான். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறையிலிருந்து கப்பல் நேரத்துக்குப் பொருந்தும் அரசுப் பேருந்து ஒன்று அதிகாலையில் கிளம்பட்டும். அதற்கும் கப்பலுக்கும் ஒரே சீட்டு போதும். ஆண்டுத் தொடக்கத்திலேயே ஓடும் நாள்களின் அட்டவணை வெளிவரட்டும். ஐப்பசி முதல் தை வரை கப்பல் இல்லை என்று முன்பே சொல்லிவிட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். ரத்தானால் மாற்றாக யாழ்ப்பாணம்–திருச்சி விமானத்தில் இடம் தரும் ஏற்பாட்டை ஒப்பந்தத்தில் எழுதட்டும். அதுவரை டெல்டாக் குடும்பங்களுக்கு என் யோசனை இதுதான்: நடக்க முடிகிறவர்கள், மூன்று நாள் விடுப்பு உள்ளவர்கள், நாள் ஒன்று முன்பின் ஆனாலும் பாதகமில்லாதவர்கள் நாகையில் ஏறுங்கள், பங்குனியில் ஏறுங்கள். பெரியவர்களோடு போகிறவர்கள் சிங்கப்பூர் வழியைப் பாருங்கள். ஆனால் பினாங்கில் நிற்காத கப்பலுக்குப் பணம் கட்டாதீர்கள்.